ஸ்டியரிங்கில் பிழை இல்லை

ஐயா, நீங்கள் எனக்குத் தந்திருக்கிற இந்தக் கதிரைக்கு ஒரு கால் கட்டை. ஆள் கொஞ்சம் அசைந்தால் டக்கென்று ஒரு பக்கம் சரிகிறது. குறை சொல்லவில்லை, இருந்து பழகிவிடும். எதைத் தொட்டாலும் அதில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்ப்பது என்னுடைய வியாதி. கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போன அன்றைக்கு நான் முதல் வேலையாகக் கட்டில் காலைத்தான் ஆட்டிப் பார்த்தேன் என்று என் மனைவி றாஹிலா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். போன மாதம்வரை சிரித்தாள்.

நான் வந்த விஷயம் இளையதம்பி. பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக். அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். என் சகலன் ஜவுபர், அதாவது றாஹிலாவின் தங்கச்சி சுல்பிகாவின் மாப்பிள்ளை, என் காரை ஓட்டிக்கொண்டு போய் மாவடிப்பள்ளி றோட்டில் தண்ணிக்குள் இறங்கி மௌத்தாகிவிட்டான். காரைச் சோதிக்க வந்த அரசாங்கத் துரை, ஸ்டியரிங் கம்பியில் ஒரு நட்டு கழன்றிருக்கிறது, கடைசியாகக் கை வைத்தவன் பூட்டாமல் விட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டார். கடைசியாகக் கை வைத்தவன் இளையதம்பி. அவனுடைய பெண்சாதி செல்லத்தங்கம் இன்று காலை எங்கள் வளவு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"மொதலாளி, நீங்க பக்கத்துல நிண்டு பாத்தீங்கதானே. அந்த மனிசன் நட்டுப் பூட்டாம விட்டிரிப்பாரா? அவர மறியலுக்கு அனுப்பினா நானும் புள்ளைகளும் எங்க போற? பொலிசுல வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்க" என்றாள்.

அவன் பூட்டினான், ஐயா. குறுக்கே ஸ்பிளிட் பின்னும் போட்டான். பின்னின் இரண்டு காலையும் மடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஸ்டியரிங்கில் பிழை இல்லை. எழுதுகிற தம்பி, இந்த ஒரு வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பதியுதீனின் காருக்கு ஸ்டியரிங் சரியில்லையாம் என்று கடைத்தெருவில் கதைக்கிறார்கள். ஆள் செத்ததைப் பற்றி என்ன கதைத்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். ஸ்டியரிங்கைப் பற்றிக் கதைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். ஸ்டியரிங் என்றால் ஆட்கள் கையால் பிடிக்கிற வட்டத்தை மட்டும் நினைக்கிறார்கள். வட்டம் வெறும் கைப்பிடி. அதிலிருந்து ஒரு தண்டு இறங்கிக் கீழே ஓர் இரும்புப் பெட்டிக்குள் போகிறது. பெட்டிக்குள் தண்டின் நுனியில் புரி. புரியோடு பொருந்தி அசைகிற ஒரு கை. அந்தக் கையிலிருந்து நீளக் கம்பிகள் முன்சில்லு இரண்டுக்கும் போகின்றன. கம்பி சேருகிற ஒவ்வொரு இடத்திலும் தோள்மூட்டு மாதிரி ஒரு குண்டு மூட்டு. அது கழலாமல் ஒரு நட்டு, நட்டு கழலாமல் ஒரு பின். இவ்வளவுதான். வட்டத்தை அசைத்தால் சில்லு உடனே அசையவேண்டும். கை அசைந்தும் சில்லு சும்மா இருக்கிற அந்த இடைவெளிக்குத்தான் ஆட்டம் என்று பெயர். இரண்டு விரல் அகலம் என்றால் மன்னிக்கலாம். அதற்கு மேலே போனால் கராஜுக்குப் போ என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் உப்புக் காற்று, ஐயா. கடற்கரை மணல் கிறீஸோடு கலந்தால் மூட்டை அரைத்து எடுத்துவிடும். அதனால் பழைய கிறீஸை வழித்தெடுத்துப் புதிதாக அடிக்கவேண்டும். பெட்டிக்கு எண்ணெய் பார்க்கவேண்டும். டயரைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லு நேராக நிற்கவில்லை. பிறகு ஓர் ஆள் உள்ளே இருந்து வட்டத்தை இலேசாக இப்படியும் அப்படியும் அசைக்கவேண்டும். இன்னோர் ஆள் காருக்குக் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்கவேண்டும். தேய்ந்த மூட்டு விரலில் தட்டும்.

இதையெல்லாம் நான் எங்கே சொல்லவில்லை? சலூனில் சொன்னேன், சந்தையில் சொன்னேன், மையித்து வீட்டிலிருந்து கபுறடிக்கு அடக்கப் போகிற வழியில் சொன்னேன். முத்தலிப் ஹாஜியாரின் தேத்தண்ணிக் கடைக்குள் நான் நுழைந்தால் ஆட்கள் கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு எழும்புவார்கள். எத்தனை பேருக்கு நாக்கு வெந்ததோ, அதற்கும் நான்தான் மறுமையில் பதில் சொல்லவேண்டும். இவ்வளவு தெரிந்த நான் ஒருநாளும் காருக்குக் கீழே படுத்ததில்லை. உடுத்த மருதமுனைச் சாரம் அழுக்காகிவிடும். கீழே படுத்தவன் எப்போதும் இளையதம்பிதான். நான் உள்ளே இருந்து வட்டத்தை அசைப்பேன். அவன் கீழேயிருந்து "ஓம், சரி" என்பான். நான் வெளியே வந்து ஆட்களுக்கு விளக்கம் சொல்லுவேன்.

இனி வீட்டு விஷயம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது, வளவு பெண்ணுடையது, கிணறு பெண்ணுடையது. எங்கள் மாமி ஹவ்வா உம்மா இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு கட்டிக் கொடுத்தார். மாமா மௌத்தாகி நாளாகிவிட்டது. வளவின் அரசாங்கம் முழுக்க மாமிதான். நான் அந்த வளவுக்குள் போகும்போது கொண்டுபோனது ஒரு பழைய ஒஸ்டின் கார். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே ஹயருக்கு ஓடினேன். கல்லோயாவில் அணை வேலை நடந்த காலத்தில் அந்தப் பக்கமும் ஓடினேன். வளவில் என்னுடையது என்று சொல்ல அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது. ஆனால் அது போதுமாக இருந்தது. மாமி எங்கே போனாலும் பின்சீற்றில் சாய்ந்து இருந்து, "பெரிய மருமகன் இல்லாட்டி நாம நடந்துதான் போகணும் புள்ள" என்பார். அந்தச் சொல்லுக்காக நான் மாமியைப் பொத்துவில்வரை சும்மா கொண்டுபோய்க் கொண்டுவருவேன்.

இன்னொன்றும் இருந்தது. சிரிக்கவேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே பெரிய சகனில் சோறு. சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். நடுவில் மீன் தலை. மாமி சகனைக் கொண்டுவந்து வைக்கும்போது தலையின் வாய் என் பக்கம் பார்க்கிற மாதிரி வைப்பார். அது மூத்த மருமகனுக்குரிய மரியாதை. யாரும் வாயால் சொல்வதில்லை, ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்து பார்ப்பேன்.

அப்போதுதான் சுல்பிகாவுக்கு ஜவுபர் மாப்பிள்ளையாக வந்தான். சாய்ந்தமருதுப் பையன். கரைவலைத் தோணி சொந்தமாக வைத்திருந்தான். அவனே பின்னால் இருந்து சுக்கான் பிடிக்கிற தண்டயல். கை இரண்டும் பலகை மாதிரி. நல்ல மனிதன், ஐயா. அவனைப் பற்றி ஒரு குறை சொல்லுங்கள் என்று நீங்கள் என்னை அடித்துக் கேட்டாலும் என்னிடம் இல்லை. சத்தமாகச் சிரிப்பான், அது ஒன்றுதான். என்னை மூத்த அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் என்னிடம் வந்து, "காக்கா, எனக்கும் கார் ஓட்டப் படிப்பிச்சுத் தாங்களன்" என்று கேட்டான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்க ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? அறுவடை முடிந்த வெட்டையில் காரை இறக்கி, பெட்டி, தண்டு, மூட்டு என்று முதல்நாள் முழுக்க விளக்கம் சொன்னேன். அவன் ஒன்றுக்கும் கொட்டாவி விடவில்லை. ஆனால் ஓட்டத் தொடங்கியவுடன் பிரச்சினை. வலப்பக்கம் திருப்பு என்றால் இடப்பக்கம் போவான். இடப்பக்கம் என்றால் வலப்பக்கம். ஒரு வைக்கோல் போரை விலக்கச் சொன்னேன், நேரே அதற்குள் கொண்டுபோய் விட்டான்.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. தோணியில் சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் தோணி வலப்பக்கம் போகும். சின்ன வயதிலிருந்து அவன் கை அப்படியே பழகியிருக்கிறது. கடலில் அவன் யோசித்துத் தள்ளுவதில்லை, கையே தள்ளிவிடும். அந்தக் கை காருக்குள்ளும் தோணிதான் ஓட்டியது. பொறுமையாக இருந்து அந்தக் கையை மாற்றிப் பழக்கியிருக்கவேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. மாமி ஒவ்வொரு நாளும் கேட்பார், "என்ன மருமகன், இன்னும் படிப்பிச்சு முடியல்லையா" என்று. அப்போது எனக்கு ஒரு மகா யோசனை வந்தது.

வட்டத்தை மேலே பிடிக்காதே, கீழே பிடி என்றேன். அடியில், மடிக்குப் பக்கத்தில், ஒரு கையால். ஐயா, உங்கள் தேத்தண்ணிக் கோப்பைத் தட்டை இப்படி நிமிர்த்தி வையுங்கள். அடியில் பிடித்துக் கையை இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள். தட்டு வலப்பக்கம் சுற்றும். அசல் சுக்கான் தடி. ஜவுபர் ஒருதரம் செய்து பார்த்தான், கண் விரிந்தது. "யா அல்லாஹ், இது நம்மட தோணிதானே காக்கா" என்றான். அன்றைக்கு அஸர் தொழுகைக்கு முன்னே வெட்டையைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். ஓர் இடத்திலும் பிழை விடவில்லை.

என்னுடைய அந்தக் கெட்டித்தனத்தை நான் ஊரெல்லாம் சொன்னேன். தோணிக்காரனைக் கார்க்காரனாக்கின கதை. முத்தலிப் ஹாஜியாரின் கடையில் முதல்முறையாக ஆட்கள் எழும்பிப் போகாமல் கேட்டார்கள்.

பிறகு நடந்தது என்னவென்றால், அவன் என்னைவிட நன்றாக ஓட்டத் தொடங்கினான். கடலில் அலையை வாசித்தவனுக்குக் குழி ஒரு விஷயமா? பள்ளம் மேடு தெரியாமல் மிதக்கவிட்டு ஓட்டினான். ஒருநாள் அக்கரைப்பற்றுக்குப் போய்வந்த மாமி இறங்கி, எல்லோரும் கேட்க ஒரு சொல் சொன்னார்.

"சின்ன மருமகன் ஓட்டினா உறக்கம் வருகுது. பெரிய மருமகன் ஓட்டினா கலிமாதான் வருகுது."

கலிமா சாகிற நேரத்தில் சொல்வது, ஐயா. வளவே சிரித்தது. றாஹிலாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன். நல்ல பகிடிதான், யோசித்துப் பார்த்தால். அந்த வெள்ளிக்கிழமை மாமி சகனைக் கொண்டுவந்து வைத்தார். வைத்த பிறகு, ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினார். மீன் தலையின் வாய் ஜவுபரின் பக்கம் போய் நின்றது.

அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், தம்பி. ஒரு மீன் தலைக்காக ஆளைக் கொல்ல நான் என்ன பைத்தியக்காரனா? நான் செய்தது குடும்பத்தின் நன்மைக்காக. அது இனித்தான் வருகிறது.

ஒருநாள் நிந்தவூர்ப் பக்கம் ஜவுபர் ஓட்டினான், நான் பக்கத்தில் இருந்தேன். வேலிக்குள்ளிருந்து ஓர் ஆடு திடீரென்று குறுக்கே பாய்ந்தது. திடுக்கிட்டால் மனிதனின் கை என்ன செய்யும், ஐயா? அடியில் கிடக்காது. இரண்டு கையும் மேலே போய்ப் பிடிக்கும். அவனுக்கும் போயின. மேலே போன கை பழையபடி தோணி ஓட்டியது. ஆட்டை விட்டு விலகத் தள்ளினான். கார் நேரே ஆட்டை நோக்கிப் போனது. ஆடு தன் புத்தியால் தப்பியது. நாங்கள் வேலியில் போய் நின்றோம்.

"ஆடுதான் என்னய வெலக்கிட்டுப் போகுது காக்கா" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு முழுக்க விளங்கிவிட்டது. சும்மா நேரத்தில் அவன் நல்ல டிரைவர். பயந்த நேரத்தில் அவன் போக நினைக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போவான். ஒவ்வொரு முறையும் போவான். நான்தான் அவனை அப்படிச் செய்துவைத்திருக்கிறேன். இந்த ஊரில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சொல்லத்தான் நினைத்தேன். மாமியின் குசினி வாசல்வரை போனேன். உள்ளே மாமி மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தார். மாமி, ஜவுபர் ஸ்டியரிங் பிடிக்கிற விதம் பிழை என்று சொல்லவேண்டும். மாமி உலக்கையை வைத்துவிட்டு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "ஆரு படிப்பிச்ச?" அந்தக் கேள்வி அவர் கேட்காமலே என் காதில் கேட்டது. பிறகு அது வளவு முழுக்கப் பகிடியாகும், றாஹிலா கிணற்றடியில் சொல்லுவாள், முத்தலிப் ஹாஜியாரின் கடையில் ஆட்கள் கோப்பைத் தட்டை வைத்துக் காட்டிச் சிரிப்பார்கள். நான் ஒரு கோப்பை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஜவுபரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவன் மனம் திறந்த மனிதன், எதையும் மறைக்கத் தெரியாது. அன்றைக்கே சிரித்துக்கொண்டு மாமியிடம் சொல்லியிருப்பான். நல்லவர்களோடு இதுதான் கரைச்சல்.

அந்த நேரம் பொத்துவிலில் மாமியின் தங்கச்சி வீட்டில் ஒரு கலியாணம் வந்தது. மாமி, றாஹிலா, சுல்பிகா, என் இரண்டு மகள்மார் எல்லோரும் போவது. சின்ன மருமகன்தான் ஓட்டவேண்டும் என்று மாமி முடிவு சொல்லிவிட்டார். வழியெல்லாம் பாலம், ஆறு, களப்பு. ஒரு மாடு குறுக்கே வந்தால் குடும்பமே தண்ணிக்குள். இப்போது சொல்லுங்கள், பொறுப்பான ஒரு மூத்த மருமகன் சும்மா இருக்க முடியுமா? அந்தப் பிரயாணம் நடக்கக்கூடாது. பெண்கள் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், பார்த்துப் பொறுக்கின ஓர் இடத்தில், விஷயத்தை ஒழுங்காக முடிப்பதுதான் நல்லது என்று பட்டது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. கணக்கில் எப்போதும் நான் கெட்டிக்காரன்.

முதலில் காரை இளையதம்பியிடம் கொண்டுபோனேன். எல்லா மூட்டையும் பார், பழைய கிறீஸை வழி, புது பின் போடு என்றேன். அவன் கீழே படுத்தான், நான் வட்டத்தை அசைத்தேன். ஒவ்வொரு மூட்டுக்கும் "ஓம், சரி" என்றான். "கலியாணத்துக்கா காக்கா?" என்று கேட்டான். ஓம் என்றேன். ஏன் இதைச் செய்தேன் என்றால், நாளைக்கு ஒருவரும் ஸ்டியரிங்கைக் குறை சொல்லக்கூடாது. அந்தக் கவனமே கடைசியில் அவன் கழுத்தைப் பிடிக்கும் என்று நான் எண்ணவில்லை. என் கணக்கில் அடைக்காமல் விட்ட ஓட்டை அது ஒன்றுதான்.

பிறகு ஜவுபரைக் கூப்பிட்டேன். சம்மாந்துறைக்குப் போய் ஒரு நெல் விஷயம் பார்த்துவருவோம் என்றேன். மாரி மழை பெய்து மாவடிப்பள்ளி வயல் இரண்டு பக்கமும் ஒரே வெள்ளமாகக் கிடந்தது. றோட்டு மட்டும் நடுவில் உயரமாக நின்றது. ஓர் இடத்தில் மதகு, அதைத் தாண்டி இடப்பக்கம் தண்ணிக்குள் பழைய கல்லுக்கட்டு ஒன்று. முந்திய நாளே வந்து பார்த்துவைத்திருந்தேன். நான் பக்கத்து சீற்றில், இடப்பக்கம். கதவின் பூட்டைத் தூக்கிவிட்டு, காலை உதைத்து வைத்துக்கொண்டேன்.

அவன் அடியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினான். மதகுக்குக் கொஞ்சம் முன்னே திடீரென்று சொன்னான்.

"காக்கா, நான் மாமிக்கிட்ட சொல்லிட்டன். வெள்ளிக்கெழம மீன்தல காக்காக்குத்தான் வெக்கணும் எண்டு. மூத்தவர் இரிக்க எனக்கு வெச்சா எனக்குத் தொண்டைல இறங்குதில்ல. கார் ஓட்டுறதும் காக்கா தந்த புத்திதானே."

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு ஒரு தடுமாற்றம் வந்தது. திரும்பிப் போவோம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் தந்த புத்தி என்கிறான். அந்தப் புத்தி என்ன புத்தி என்று எனக்குத்தான் தெரியும். இனி நான் தின்னப்போகிற ஒவ்வொரு மீன் தலையும் இவன் கேட்டு வாங்கித் தந்ததாக இருக்கும். மதகு வந்துவிட்டது. நான் இடப்பக்கம் கையை நீட்டி, "மாடு" என்றேன்.

பெரிதாகக் கத்தவில்லை. கொஞ்சம் அவசரமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவன் இரண்டு கையும் மேலே போயின. வலப்பக்கம் விலகத் தள்ளினான். ஸ்டியரிங் அவன் தள்ளினதை அப்படியே செய்தது. கார் இடப்பக்கம் இறங்கியது. நான் கதவால் விழுந்து சேற்றுக்குள் உருண்டேன். எழும்பிப் பார்த்தால் கார் கல்லுக்கட்டில் முட்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் இடுப்பளவுதான். கடலில் பிறந்தவனுக்கு அது ஒரு தண்ணீரா? ஆனால் ஸ்டியரிங் தண்டு அவனை நெஞ்சோடு சேர்த்து சீற்றில் பிடித்துவைத்திருந்தது.

அவனுக்கு உயிர் இருந்தது. என்னைப் பார்த்தான்.

"மாட்டுக்கு ஒண்டுமில்லையே காக்கா?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்ல தம்பி. தப்பிட்டு" என்றேன்.

அந்த றோட்டில் மாடு இருக்கவில்லை, ஐயா. கண்ணுக்கெட்டின தூரம்வரை இருக்கவில்லை. எருமை ஒன்று குறுக்கே வந்தது என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேனே, அதுவும் இல்லை. நீங்கள் அதன் சொந்தக்காரனைத் தேடி மெனக்கெடவேண்டாம்.

ஆட்களைக் கூப்பிட்டேன். உடனே கூப்பிடவில்லை. அவன் நெஞ்சில் கிடந்த வட்டத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இலேசாக அசைத்துப் பார்த்தேன். தண்ணிக்கு மேலே தெரிந்த முன்சில்லு உடனே அசைந்தது. ஆட்டம் இல்லை. இளையதம்பியின் வேலை சுத்தம் என்று அப்போதே தெரிந்தது. இன்னொருதரமும் அசைத்துப் பார்த்தேன். நான் நிமிர்ந்தபோது ஜவுபரின் கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன். வயலில் நின்றவர்கள் ஓடிவந்து காரில் கயிறு கட்டி இழுத்தார்கள். கட்டினது ஸ்டியரிங் கம்பியில்தான். பின் முறிந்து நட்டு கழன்றது அந்த இழுவையில். அதில் கட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் அழுதுகொண்டிருந்தேன். சும்மா அழவில்லை, உண்மையாகவே அழுதேன்.

அவன் வலப்பக்கம் விலகத்தான் பார்த்தான், கார் இடப்பக்கம் போய்விட்டது என்று நான் உங்களிடம் சொன்னது சரியான உண்மை. அதை வைத்துத்தான் துரை ஸ்டியரிங் உடைந்தது என்று பிடித்தார். நான் சொன்ன ஒரே உண்மை இளையதம்பியை உள்ளே போட்டுவிட்டது. இனி அவனை விடுங்கள். செல்லத்தங்கம் வாசலில் நின்றதைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் போகும்போது வேறொன்றும் சொல்லிவிட்டுப் போனாள். பதியுதீனின் காரில் பிழை என்றுதான் ஊர் கதைக்கிறது என்று. அதற்காக வந்தேன் என்று எழுதவேண்டாம், இளையதம்பிக்காக வந்தேன் என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றுதான்.

சுல்பிகா மாப்பிள்ளை மௌத்தான துக்கத்துக்கு வெளியே வராமல் அறைக்குள் இத்தா இருக்கிறாள். அவள் அழுகிற சத்தம் சுவரைத் தாண்டி வருகிறது. என் முழங்கையில் சிராய்ப்பு. மாமி தன் கையால் மஞ்சள் அரைத்து வைத்துக் கட்டினார். போன வெள்ளிக்கிழமை சகனைக் கொண்டுவந்து வைத்தார். மீன் தலை என் பக்கம் பார்த்தது. "ஜவுபர் சொல்லிட்டுப் போனான் மகன்" என்று என்னிடம் சொன்னார். சாப்பிட்டேன். நல்ல ருசியாகத்தான் இருந்தது.

கையை மேலே வைத்துப் பழகு தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வையில் தெரிகிறது. முடிந்திருக்கும். நான்தான் கொன்றேன், ஐயா. இடம் பார்த்து, காரைச் சுத்தம் பண்ணி, நேரம் பார்த்துக் கொன்றேன். கையொப்பம் எங்கே வைக்கவேண்டும்?

ஒரு சின்ன விஷயம். இதை மாமிக்கு வாசித்துக் காட்டுவீர்கள்தானே. மாடு இல்லாதது, நான் கூப்பிடாமல் நின்றது எல்லாம் அப்படியே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த அடியில் பிடிக்கிற பழக்கம் மட்டும், தம்பி, அதை அவன் தானாகவே பழகிக்கொண்டான் என்று மாற்றி எழுத முடியுமா?